ஜிம்மில் கேட்காமல் சொல்லும் யோசனை

கேள்வி: எனக்கு 24 வயது. மூன்று வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். ஸ்குவாட்டில் பாதி வரைக்கும்தான் இறங்குகிறார், முட்டியும் கால் விரலைத் தாண்டிப் போகிறது. “சார், இப்படிச் செஞ்சா முட்டி போயிடும்” என்றேன். “நான் பாத்துக்கிறேன் தம்பி” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்லது சொன்னது தப்பா?
– வாசகர், ஈரோடு

பதில்: எண்ணத்தில் தப்பில்லை. சொன்ன விஷயத்தில்தான் இடிக்கிறது. முட்டி கால் விரலைத் தாண்டக் கூடாது என்பது நம் ஜிம்களில் எழுதாத சட்டம். 2003-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எடைப் பயிற்சி செய்து பழகிய 7 ஆண்களை, முட்டி முன்னால் போகாதபடி மரப்பலகை வைத்துத் தடுத்து ஸ்குவாட் செய்யச் சொன்னார்கள். முட்டியில் விழும் விசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் உடம்பு முன்னால் சாய்ந்துவிட்டதால் இடுப்பு மூட்டில் விழுந்த விசை பத்து மடங்கு ஏறியது. ஏற்கெனவே இடுப்பு வலி உள்ளவர் உங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவருக்கு இடுப்பு வலி உண்டா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது. பிரச்சினையே அதுதான். ஜிம்மில் ஒருவர் செய்வது கண்ணுக்குத் தெரியும், ஏன் அப்படிச் செய்கிறார் என்பது தெரியாது. ‘பாதிக்கு மேல் இறங்காதீர்கள்’ என்று பிசியோதெரபிஸ்ட்டே சொல்லி அனுப்பியிருக்கலாம். கையைக் காதுவரை தூக்காமல் டம்பெல் பிரஸ் செய்பவருக்குத் தோள்பட்டை இறுகிப் போயிருக்கலாம். சர்க்கரை நோயாளிகளிடம் இது சாதாரணம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவரிடம் “தம் கட்டித் தூக்குங்க சார்” என்பது இதைவிட மோசம். 1985-ல் வெளிவந்த கனடா ஆய்வொன்றில், மிகக் கனமான எடையோடு லெக் பிரஸ் செய்த பாடிபில்டர்களின் ரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை ஏறியது. மூச்சைப் பிடித்துத் தூக்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பழகிய இளம் உடம்புகள் அதைத் தாங்கின. எல்லா உடம்பும் தாங்காது.

இருபதுகளில் இன்னொரு மயக்கமும் உண்டு. அந்த வயதில் எப்படிப் பயிற்சி செய்தாலும் தசை ஏறும், வலித்தால் இரண்டு நாளில் சரியாகிவிடும். வயது செய்த வேலையை நம் ‘ஃபார்ம்’ செய்ததாக நினைத்துக்கொள்கிறோம். மூன்று வருட அனுபவம் பெரிதுதான், ஆனால் அது ஒரே ஒரு உடம்பின் அனுபவம். கொஞ்சம் உறைக்கிற மாதிரியே சொல்கிறேன்: நூறு கிலோ தூக்குகிறவரிடம் போய் யாரும் திருத்தம் சொல்வதில்லை. புதிதாக வந்தவர், வயதானவர், பெண்கள் என்று பார்த்துத்தான் அந்த அக்கறை போகிறது.

‘மாஸ்டர் ஒருவர்தான், அவரும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், பிறகு யார்தான் சொல்வது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பல ஜிம்களில் நிலைமை அப்படித்தான். ஆனால் மாஸ்டர் சரியில்லை என்பதால் பக்கத்தில் நிற்பவர் மாஸ்டர் ஆகிவிட முடியாது. மனதை உறுத்தினால் மாஸ்டரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். ‘கண்ணெதிரே ஆபத்து என்றால்?’ அப்போது யோசிக்கவே வேண்டாம். பெஞ்ச் பிரஸ்ஸில் பார் நெஞ்சோடு அழுத்திக் கிடந்தால் ஓடிப்போய்த் தூக்குங்கள், கிளிப் மாட்டாத பிளேட் நழுவினால் சத்தம் போடுங்கள். அது உதவி. என்றைக்கோ முட்டி தேயும் என்று இன்றைக்கு எச்சரிப்பது யோசனை, அதை அவர் கேட்கும்போது சொல்லலாம். அப்போதும் ‘எனக்கு இது சரிப்பட்டது’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அவர் இப்போது செய்கிற அரை ஸ்குவாட்டைக் குறைவாக எடை போடாதீர்கள். 1990-ல் பாஸ்டனில், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையானவர்களுக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. உலக சுகாதார நிறுவனமும் வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது. அறுபது வயதுக்காரருக்கு முதல் தேவை, நாளைக்கும் ஜிம்முக்கு வருவது. நாலு பேர் பார்க்கத் தப்பு செய்கிறோம் என்ற கூச்சம் வந்துவிட்டால் அவர் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

நாளைக்கு அவரைப் பார்த்தால் ஒரு வணக்கம் வையுங்கள். உங்கள் செட் முடிந்ததும் பாரில் மாட்டிய 20 கிலோ பிளேட்டுகளைக் கழற்றி எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள். அடுத்து அந்த ரேக்குக்கு வரப்போகிறவர் அவராக இருக்கலாம்.