சண்டே கிளாஸ் எடுக்கப் போகிற அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

ஜூன் மாதத்திலிருந்து நம் சபையில் சண்டே கிளாஸ் நீதான் எடுக்கப் போகிறாய் என்று போதகர் ஐயா சொன்னார். சந்தோஷம். ஆதியாகமத்தில் ஆரம்பித்து வரிசையாகப் போகலாமா அக்கா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்.

நான் ஒரு வருஷம் அப்படித்தான் போனேன். ஆதாம், நோவா, யோசேப்பு வரை வண்டி நன்றாக ஓடியது. யாத்திராகமம் பாதியில் ஆசரிப்புக் கூடாரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. தொங்குதிரை எத்தனை முழ நீளம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு பையன் பெஞ்சில் தலை வைத்துத் தூங்குகிறான். அதைவிடப் பெரிய சிக்கல், அப்போது என் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பலர் ஜூனில் வந்தவர்களே இல்லை. திருப்பூரில் அப்பா பனியன் கம்பெனி மாறினால் லைன் வீடு மாறும். லைன் வீடு மாறினால் சபையும் மாறிவிடும். போன மாதம் எகிப்துக்கு எப்படிப் போனார்கள் என்று தெரியாத பிள்ளைக்குச் செங்கடல் வெறும் தண்ணீர்தான்.

அதனால் முதலில் ஒரு கணக்குப் போடு. வருஷத்துக்கு 52 ஞாயிறு. குருத்தோலை, ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை, தீபாவளிக்கு ஊரே காலியாகிற வாரம், பொங்கல், மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி (விபிஎஸ்), டிசம்பரில் பாட்டு ஒத்திகை எல்லாவற்றையும் கழித்தால் உன் கையில் 40 நிற்கும். ஒரு வகுப்பில் பாட்டு, ஜெபம், வருகைப் பதிவு போகப் பாடத்துக்கு 40 நிமிடம் கிடைத்தால் அதிகம். ஆக 1600 நிமிடம், 27 மணி நேரம்கூட இல்லை. பள்ளிக்கூடக் கணக்கில் ஐந்து நாள் தேறாது. வேதாகமத்தில் 66 புத்தகம் இருக்கிறது. எதை விடுவது என்று முடிவு பண்ணுவதுதான் பாடத் திட்டத்தில் பாதி வேலை.

நான் கடைசியில் வந்து நின்ற வழி இது. நாலு ஞாயிறுக்கு ஒரு ஆள். யோசேப்பு நாலு, ரூத் நாலு, பேதுரு நாலு. ஆனால் அந்த நாலில் ஒவ்வொன்றும் தனியாக முழுசாக இருக்க வேண்டும். ஒரே ஒரு வாரம் மட்டும் வந்து போகிற பிள்ளை வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது. மே மாதத்திலேயே ஒரு நோட்டு வாங்கிப் பத்து ஆட்களை எழுதிவிடு. எட்டே எட்டுக்குப் பாடம் எழுது. மீதி இரண்டை நிரப்பாமல் வை. பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்கும், சபையில் நடக்கிற சாவு, கல்யாணம் போன்றவற்றுக்கும் அந்த இடம் தேவைப்படும்.

பாடத்துக்கு முன்னால் அதே நோட்டில் பிள்ளைகளைப் பற்றி எழுது. யார் அப்பா சாயப்பட்டறை, யார் அம்மா கைமடி வேலை, யார் நைட் ஷிப்ட், யார் வீட்டில் ஒடியா பேசுகிறார்கள், யாருக்குத் தமிழ் எழுத்துக்கூட்ட வராது. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் தோழியோடு சேர்ந்து வரும். அதன் பெற்றோருக்குத் தெரியுமா என்று நீயே போய்க் கேட்டுவிட்டு உட்கார வை.

ஞாயிறு பள்ளி பரவ ஆரம்பித்ததே நம் ஊர் மாதிரி ஒரு ஊரிலிருந்துதான், தெரியுமா? இங்கிலாந்தில் குளோஸ்டர். குண்டூசி செய்கிற தொழிற்சாலைகள் இருந்த ஊர். வாரத்தில் ஆறு நாளும் சின்னப் பிள்ளைகள் வேலைக்குப் போகும், ஞாயிறு மட்டும் தெருவில் திரியும். அங்கே பத்திரிகை நடத்திய ராபர்ட் ரெய்க்ஸ் 1780-ல் அவர்களைக் கூட்டி உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அவருக்கு முன்பே சிலர் இதைச் செய்திருக்கிறார்கள், ஊருக்குப் பரப்பியவர் அவர். ஆரம்பத்தில் வாசிப்பும் வேதமும் ஒரே வகுப்பு. நம் சபையிலும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கு மனப்பாட வசனமே முதல் வாசிப்புப் பாடமாக இருக்கலாம். அதை ஒப்பிக்கச் சொல்லி நிறுத்தாமல், அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி விரல் வைத்துப் படிக்கச் சொல்.

இப்போது என்னைத் திருத்திய ஒரு ஞாயிற்றைச் சொல்கிறேன்.

மத்தேயு 20, திராட்சத் தோட்டத்துக் கூலியாட்கள். அதிகாலையில் வந்தவனுக்கும் பதினோராம் மணி வேளையில், நம் கணக்கில் சாயங்காலம் ஐந்து மணிக்கு, வந்தவனுக்கும் ஒரே கூலி. பொறாமைப்படக் கூடாது என்ற பாடத்தை நான் தயாராக எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கதையை முடிப்பதற்குள் வகுப்பு கொதித்துவிட்டது. "அதெப்படி டீச்சர்? ஒன்றரை ஷிப்ட் பார்த்தவங்களுக்கும் அரை மணி நேரம் பார்த்தவங்களுக்கும் ஒரே சம்பளமா?" என்று ஒரு பையன் எழுந்தே நின்றான். சனிக்கிழமை சம்பளக் கவர் வீட்டுக்கு வந்ததும் எண்ணிப் பார்க்கிற பிள்ளைகள் அவர்கள். பீஸ் ரேட் தெரியும், பிடித்தம் தெரியும். நான் பொறாமை, பொறாமை என்று சமாளித்துக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்: "கடைசியா வந்தவங்க காலையில இருந்து எங்க இருந்தாங்க?"

புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். சந்தை வெளியில் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். எத்தனையோ தடவை படித்த அந்த வசனத்தை நான் தாண்டிப் போயிருந்தேன். அந்தப் பெண்ணின் அப்பா ஆர்டர் இல்லாத மாதங்களில் காலையில் வேலை தேடிப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறவர். அவளுக்கு அந்த வசனம்தான் கதை. அன்றிலிருந்து பாடத்தின் கடைசியில் "அதனால் நாம் இப்படி இருக்க வேண்டும்" என்று எழுதுவதை விட்டேன். பதிலாக அந்த இடத்தில் ஒரு கேள்வியை எழுதிவைப்பேன். அதையும் பல வாரம் பிள்ளைகள் கேட்க விடுவதில்லை, அவர்கள் கேள்வி முந்திக்கொள்ளும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்றே வேதத்தில் சில இடங்கள் இருக்கின்றன. பழைய துணியில் கோடித்துண்டை வைத்துத் தைக்கக் கூடாது என்பதை மற்ற ஊரில் விளக்க வேண்டியிருக்கும். இங்கே காட்டன் துணி முதல் தண்ணீரில் சுருங்கும், அதற்காகத்தான் காம்பாக்டிங் என்று பத்து வயசுப் பையன் உனக்கே சொல்லித் தருவான். இயேசுவின் அங்கி தையலே இல்லாமல் நெய்தது என்று யோவான் 19-ல் வருகிறது. சைடு தையல் இல்லாத பனியன் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். "அப்பவே இவ்ளோ பெரிய நிட்டிங் மெஷின் இருந்துச்சா டீச்சர்?" தறி வேறு, நிட்டிங் வேறு என்று விளக்கவே அன்றைய வகுப்பு நேரம் சரியாகிவிட்டது. லீதியாள் இரத்தாம்பரம் விற்றவள். சாயத் துணி வியாபாரம் என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். நைல் நதி இரத்தமான கதையைச் சொன்னால் நம் நொய்யல் ஆற்றைப் பற்றிக் கேட்பார்கள். சாயக் கழிவை முழுவதும் சுத்திகரிக்காத பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு எத்தனை வீட்டில் வேலை போனது என்பதும் அவர்கள் வீட்டுப் பேச்சில் இருக்கும். ஆறும் கெட்டது, கூலியும் போனது. இதில் அவசரப்பட்டு யாரையும் பார்வோன் ஆக்காதே.

ஒரு எச்சரிக்கை. துணி ருசி கண்டு எல்லாப் பாடத்திலும் துணியைத் தேடாதே. வாரம் முழுக்க பிசிர் வெட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை கடலும் மலையும் கழுதையும் வேண்டும்.

பயமுறுத்துகிற இடங்களில் நிதானம் வேண்டும். ஈசாக்கைக் கட்டிப் பலிபீடத்தில் வைத்த கதையை ஐந்து வயசுப் பிள்ளைகளிடம் சொல்லவே சொல்லாதே. குடித்துவிட்டு வருகிற அப்பா உள்ள பிள்ளை அதை எப்படிக் கேட்கும் என்று யோசி. பதின்மூன்று வயசுக்கு அது நல்ல பாடம்.

மொழி விஷயம். கதையை நீ பேசுகிற தமிழில் சொல். வசனத்தை மட்டும் சபை வேதாகமத்தில் உள்ளபடியே கற்றுக்கொடு. 1871-ல் ஹென்றி பவர் குழு முடித்த மொழிபெயர்ப்பின் தமிழ் அது, பிள்ளைகளுக்குக் கடினம்தான். ஆனால் பிரசங்கத்தில் அதே வார்த்தை வரும்போது பிள்ளை தலை நிமிர்த்திப் பார்க்கும்.

அச்சடித்த பாடப் புத்தகம், விபிஎஸ் கிட் எல்லாம் வரும், வாங்கு. சேர்ந்தாற்போல் மூன்று பாடத்தைப் படித்துப் பார். ஒவ்வொன்றிலும் கடைசியில் கீழ்ப்படி, கீழ்ப்படி என்றே வந்தால் படங்களை மட்டும் எடுத்துக்கொள். துணிப் பலகையில் படம் ஒட்டிக் கதை சொல்கிற பிளானல்கிராப்புக்குக் காசு செலவழிக்காதே. கட்டிங் வேஸ்டில் பஞ்சு எழுப்பிய பிளீஸ் துண்டுகள் கிடைக்கும். அட்டையில் ஒன்றை ஒட்டி, படங்களின் முதுகில் சின்னத் துண்டு ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். என் பழைய போர்டு இன்னும் பரண் மேல் இருக்கிறது, கோலியாத்துக்கு மட்டும் ஒரு கால் இல்லை.

ஜூன் முதல் ஞாயிறு கூலியாட்கள் கதையை எடு. வகுப்பு முடிந்ததும் எனக்குப் போன் பண்ணு. நீ என்ன சொன்னாய் என்பது வேண்டாம், பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று சொல்.

அன்புடன்,
உன் பழைய டீச்சரக்கா