ஏஐ கம்பெனியா? முதல்ல கணக்கு நோட்டை எடு

உன் பிட்ச் டெக் பார்த்தேன் தம்பி. பக்கத்துக்குப் பக்கம் ஏஐ இருக்கு. காசு கொடுக்கப்போற ஆள் யாருன்னு ஒரு வரி இல்ல. உனக்கு நேரம் இல்லன்னு தெரியும், நறுக்குன்னு சொல்றேன்.

1. மாடல் உன் சொத்து இல்ல, வாடகை வீடு. பிடிஎஃப் போட்டுக் கேள்வி கேக்குற ஆப் 2023-ல எத்தனை வந்துச்சு! அந்த அக்டோபர் கடைசியில சாட்ஜிபிடியே அந்த வேலையைச் செய்ய ஆரம்பிச்சிடுச்சு. 2024 ஜனவரி 4-ல ஓப்பன்ஏஐ தன் பழைய மாடல்கள் சிலதை மூடியும் போட்டது. மாடலைக் கூப்பிடுற கோட் வரிகளை ஒரே இடத்துல வை. வேற கம்பெனிக்கு மாறணும்னா ஒரு சாயங்காலத்துல வேலை முடியணும்.

2. ஜிபியு வாங்கறேன்னு கடன் வாங்காதே. இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

3. பாட் உளறினா பழி உனக்குத்தான். பாட்டி இறந்து ஊருக்குப் போன ஒருத்தருக்கு ஏர் கனடா பாட் சலுகை விதியைத் தப்பா சொல்லிடுச்சு. "பாட் தனி, அது சொன்னதுக்கு அதுவே பொறுப்பு"ன்னு கம்பெனி வாதாடினது. எடுபடுமா? 2024 பிப்ரவரியில பணத்தைக் கொடுன்னு தீர்ப்பு. வாடிக்கையாளர் நிஜமா கேட்ட ஐம்பது கேள்வியை எழுதி வை. பிராம்ப்ட்ல ஒரு வார்த்தை மாத்தினாலும் அத்தனையும் ஓட்டிப் பாரு. சலிப்பான வேலைதான், செய்.

4. வாடிக்கையாளரோட ஆதார், போன் நம்பரை அப்படியே பிராம்ப்ட்ல கொட்டாதே. 2023-லயே தனிநபர் தரவுச் சட்டம் வந்தாச்சு.

5. இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க: டோக்கன். பில் வார்த்தைக் கணக்குல வராது, துண்டுக் கணக்குல வரும். தமிழ் எழுத்து நிறையத் துண்டாகும். ஜிபிடி-4ஓ வந்தப்போ ஓப்பன்ஏஐ காட்டின உதாரணத்துல, முன்னாடி 116 டோக்கன் ஆன தமிழ் வரிகள் 35-க்கு இறங்கிச்சு. அதே வரி, அதே அர்த்தம்! அதனால இங்கிலீஷ்ல சோதிச்சுட்டுத் தமிழுக்கு விலை வைக்காதே. "அன்லிமிடெட்"னு போர்டும் மாட்டாதே. மெஸ்ஸுல சாப்பிடுறவன் வயிறு ஒரு கட்டத்துல நிறையும், சாட்ல கேக்குறவனுக்கு நிறையாது. ஒரு கேள்விக்கு என்ன செலவுன்னு நோட்டுல எழுது, அப்புறம் விலை வை.

பில்லிங் பக்கத்துல மாச லிமிட் போட்டியா? முழிக்காதே. போட்டுட்டு வா, தோசை ஊத்தறேன்.