வேர் நீர் பருகும் விதம்

சென்னைக்கு மேற்கே உள்ள பூவிருந்தவல்லி, திருக்கச்சி நம்பிகள் தோன்றிய ஊர். அவர் அங்கு நந்தவனம் அமைத்து, காஞ்சி வரதருக்கு மாலை தொடுத்துச் சென்றார் என்பர். அத்தகைய நந்தவனத்தில் நிற்கும் மல்லிகைச் செடி, வாயின்றி நீரை எவ்வாறு பருகுகிறது?

வேர்த்தூவி ஒவ்வொன்றும் ஓர் உயிரணுவின் நீட்சியே. அவ்வுயிரணுவின் மெல்லிய சவ்வு நீரைப் புகவிடும். நீரில் கரைந்த பொருள்களை எளிதில் விடாது. உயிரணுவினுள் கரைபொருள் மிகுதி; மண்ணின் நீரிலோ குறைவு. ஆதலின், கரைபொருள் குறைந்த இடத்தினின்று மிகுந்த இடத்திற்கு நீர் சவ்வின் வழியே செல்கிறது. இதுவே சவ்வூடு பரவல். 1748-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டறிஞர் நொல்லே, மதுசாரம் நிறைந்த கலத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் மூடி நீருள் இட்டார். நீர் உட்புக, அச்சவ்வு புடைத்தெழுந்தது.

இவ்வாறு புகுந்த நீரால் உயிரணு விம்முகிறது. அதன் உறுதியான புறச்சுவர் அது வெடியாமல் காக்கிறது. அவ்விம்மலாலேயே இலையும் இளந்தண்டும் நிமிர்ந்து நிற்கின்றன.

வெளியே உப்பு மிகுந்தால் நீரின் போக்கு மாறிவிடும். உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர்விட்டுச் சுருங்குவதை இல்லந்தோறும் காணலாம். பயிருக்கும் அந்நிலை நேர்வதுண்டு. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தமையால், 1960-களின் இறுதியிலேயே கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்த்தன. உவர்நிலத்தில் ஈரம் இருந்தும் பயிர் வாடும். அளவிறந்து உரமிட்ட செடியும் அவ்வாறே கருகும்.

ஆகவே, நீர் இருத்தல் மட்டும் போதாது. அது நன்னீராகவும் இருத்தல் வேண்டும். நிலத்தடி நன்னீரைக் காப்பது பயிரின் உயிரைக் காப்பதாகும் என்பதை மாணவர் உணர்தல் வேண்டும்.