இருளும் ஒளியும் ஒரே படத்தில்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

மின்விளக்கு மேடையில் நடந்த நாட்டியத்தைப் படமெடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு குறை தெரிந்திருக்கும். விளக்குகள் அழகாக விழுந்திருந்தால் ஆடியவரின் முகம் கரியாகியிருக்கும். முகம் தெளிவாக இருந்தால் விளக்குகள் வெறும் வெள்ளைத் திட்டுகளாக நிற்கும். நேரில் பார்த்தபோது இரண்டும் தெரிந்தன அல்லவா? பிறகு ஏன் இப்படி?

இதற்கு மிகக் கடினமான இடத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அது மேல்நாட்டு நகரங்களின் இரவு இசை விடுதி. நாம் போகும் இடமன்று. ஆயினும் ஒளியியல் பாடம் அங்கேதான் நம்மை நன்றாகச் சோதிக்கிறது.

நம் கண் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. விளக்கைப் பார்க்கும்போது கண்பாவை சுருங்குகிறது. இருண்ட மூலைக்குப் போனதும் விரிகிறது. விழித்திரையும் அந்தந்த வெளிச்சத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. இப்படித் துண்டு துண்டாகக் கண்டதை மூளை ஒரே காட்சியாக்கித் தருகிறது. கேமராவோ படம் முழுவதற்கும் ஒரே அளவு ஒளியைத்தான் உள்ளே விடும்.

ஒளி இரு மடங்காவதைப் புகைப்படக்காரர்கள் ஒரு 'ஸ்டாப்' என்பர். இன்றைய நல்ல டிஜிட்டல் கேமரா சுமார் 14 ஸ்டாப் வரை தாங்கும். இரண்டைப் பதினான்கு முறை பெருக்கிப் பாருங்கள்: 16,384 மடங்கு! ஆனால் அச்சிட்ட காகிதத்தில் வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய நூறு மடங்குதான். பெரிய குடத்து நீரைச் சிறு செம்பில் ஊற்றுவது போன்ற வேலை இது.

இந்தத் தொல்லை புதிதன்று. பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1857-இல் 'பெரிய அலை' என்ற கடற்படத்தை உருவாக்கினார். அக்காலக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மீறி ஏற்றன. கடல் சரியாக விழுந்தால் வானம் வெளுத்துவிடும். அவர் கடலை ஒரு தகட்டிலும் வானத்தை இன்னொரு தகட்டிலும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். 1997-இல் பால் டெபவெக், ஜிதேந்திர மாலிக் என்னும் அறிஞர்கள், வெவ்வேறு ஒளியளவில் எடுத்த பல படங்களிலிருந்து உண்மையான ஒளியளவைக் கணினியால் கணக்கிடும் முறையை வெளியிட்டனர். ஹெச்.டி.ஆர். என்று இன்று கைப்பேசிகளிலும் காணும் முறை இந்த வழியில் வந்ததே.

கடற்கரைக்கும் கட்டடத்துக்கும் இது பொருந்தும், கட்டடம் ஓடிவிடாது. இசை விடுதியில் ஆடுகிறவரை மூன்று முறை எடுத்து ஒட்டினால் மூன்று கைகளும் இரண்டு மூக்குகளும் வந்துவிடும்! இன்னொரு சங்கடமும் உண்டு. இருட்டுக்காக ஐ.எஸ்.ஓ. எண்ணை இரு மடங்காக்கும்போதெல்லாம் கேமரா தாங்கும் அளவில் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் குறைந்துபோகிறது. எங்கே மிகவும் தேவையோ அங்கேதான் அது கைவிடுகிறது.

ஆகவே அங்கே ஒரே படத்தில் காரியத்தை முடிக்க வேண்டும். விளக்குகள் வெளுத்துப்போகாத அளவுக்கு ஒளியைக் குறைத்து, 'ரா' என்னும் பதப்படுத்தாத கோப்பாக எடுத்துவைப்பர். பிறகு கணினியில் நிழற்பகுதிகளை மட்டும் மெல்ல உயர்த்துவர். வெளுத்த இடத்தில் எந்த விவரமும் மிஞ்சாது; இருண்ட இடத்திலோ கொஞ்சம் ஒளிந்திருக்கும். மிகவும் உயர்த்தினால் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும்.

ஃப்ளாஷ் போட்டால் தீராதா என்று கேட்கலாம். தூரம் இரு மடங்கானால் ஒளிச்செறிவு நான்கில் ஒரு பங்காகும் என்பது விதி. 2 மீட்டரில் நிற்கும் பாடகிக்குக் கிடைப்பதில் பதினாறில் ஒரு பங்கே 8 மீட்டரிலுள்ள சுவருக்குக் கிடைக்கும். அதனால்தான் சுண்ணாம்பு பூசிய முகமும் கிணறு போன்ற பின்புறமும் வருகின்றன. இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. ஷட்டரை எட்டில் ஒரு நொடி திறந்துவைத்து, ஃப்ளாஷை மென்மையாகக் கொடுப்பர். கண்ணிமைக்கும் முன் மறையும் ஃப்ளாஷ் முகத்தைப் பதிக்கிறது. மீதி நேரத்தில் பின்னாலுள்ள வண்ண விளக்குகள் தாமே பதிகின்றன.

இதில் முகத்தின் நிறத்தையும் மறக்கலாகாது. வண்ணப் படச்சுருள் காலத்தில், நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் பல்லாண்டுகள் வெள்ளை நிறப் பெண்ணின் முகமே இருந்தது. கறுத்த முகங்கள் அதில் கணக்கில் வரவில்லை. நம்மில் பலருடைய முகமும் அந்த வரிசையில்தான் நிற்கும்.

ஆகையால் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1919-இல் பிறந்த ராய் டிகராவாவை எனக்கு மிகவும் பிடிக்கும். 1952-இல் குகன்ஹைம் உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பினப் புகைப்படக் கலைஞர் அவர். ஜான் கோல்ட்ரேன் போன்ற ஜாஸ் இசைஞர்களை விடுதிகளில் இருந்த வெளிச்சத்திலேயே எடுத்தார். கறுப்பு வெள்ளையில், ஃப்ளாஷ் இல்லாமல். இன்று சிலர் கணினியில் எல்லா நிழலையும் உயர்த்தி, மூலை முடுக்கெல்லாம் பளபளக்கும் காலண்டர் படமாக்கிவிடுகிறார்கள். இரவைப் பகலாக்குவது என் கண்ணுக்கு அழகாகத் தோன்றவில்லை. டிகராவா இருளை விரட்டவில்லை. கருமைக்குள்ளேயே பல படிகளை வைத்து அச்சிட்டார். அந்த இசைப் படங்களின் நூல் 2001-இல்தான் வெளிவந்தது. அவர் படத்தைப் பார்க்கும்போது சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். முதலில் வெறும் கறுப்பாகத் தெரிந்த இடத்தில், கண் பழகப் பழக, ஒரு தோளும், சட்டையின் மடிப்பும், மூடிய இமையும் ஒவ்வொன்றாகத் தெரிய வரும்.