சங்கம் எதற்கு? ஓட்டல்காரர் கேள்வி - பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நல்லம்பள்ளி வட்டாரத்திலிருந்து. எல்லாமே சுற்றிச் சுற்றி ஓட்டல் சங்கத்தையும் ஓட்டல் தொழிலையும் பற்றித்தான். அதனால் இந்த முறை அவற்றுக்கு மட்டுமே பதில்.

நல்லம்பள்ளி சந்தைக்குப் பக்கத்தில் சின்னதாக மெஸ் நடத்துகிறேன். சங்கத்தில் சேரச் சொல்லி நச்சரிக்கிறார்கள். சந்தா கட்டுவதைத் தவிர எனக்கு அதில் என்ன இருக்கிறது?
— மெஸ் உரிமையாளர், நல்லம்பள்ளி

ஓட்டல் சாப்பாட்டுக்கு இன்று 5 சதவீத வரி இருக்கிறதே, அது தானாக வந்ததா? 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி தொடங்கியபோது ஏசி இல்லாத ஓட்டலுக்கு 12 சதவீதம், ஏசி ஓட்டலுக்கு 18 சதவீதம். அந்த விகிதங்கள் வரப்போகின்றன என்று தெரிந்ததுமே மே 30 அன்று தமிழ்நாட்டில் ஓட்டல்களை ஒரு நாள் அடைத்தோம். அதற்குப் பிறகும் சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. மனு மேல் மனு கொடுத்தன. நவம்பர் 15 முதல் இரண்டுக்கும் 5 சதவீதம் என்று ஆனது. பதிலுக்கு, வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகையை இழந்தோம். அந்த இழப்பைப் பற்றி இன்றும் பேசிக்கொண்டிருப்பது சங்கங்கள்தான்.

2024 செப்டம்பரில் கோவையில் நடந்த கூட்டத்தில், பன்னுக்கு வரி இல்லை, அதில் கிரீம் தடவினால் 18 சதவீதம், இதற்கு எப்படி பில் போடுவது என்று அன்னபூர்ணா ஓட்டல் நிறுவனத்தின் சீனிவாசன் மத்திய நிதியமைச்சரிடமே கேட்டார். நாடே அதைப் பேசியது. 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி வகைகளுக்கு வரி 18-லிருந்து 5 ஆக இறங்கியது. அந்த ஒரு கேள்வியால்தான் இறங்கியது என்று நான் சொல்லவில்லை. கேட்காத குறை எந்தக் காலத்திலும் தீராது என்று சொல்கிறேன். நீங்கள் தனியாக எழுதும் மனு எந்த மேசையில் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். சேருங்கள்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரி சோதனைக்கு வந்தால் சங்கத் தலைவர் போன் செய்து நிறுத்துவாரா?
— ஓட்டல் உரிமையாளர், தொப்பூர்

மாட்டார். செய்தால் அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்குங்கள்.

சங்கம் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியது வேறு. அதிகாரி மாதிரி எடுத்தால் அதை நான்கு பாகமாகப் பிரிக்க வேண்டும். அதில் ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு உங்கள் செலவில் அனுப்பச் சொல்லி நீங்கள் எழுதிக் கேட்கலாம். ஆய்வு முடிவு தவறு என்று நினைத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். குறைகளைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தால் குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். இவை 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அதன் விதிகளிலும் உள்ளவை. இதெல்லாம் தெரியாமல், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் சங்கத்துக்கு ஓடி வருகிறார்கள். அடுப்படியைச் சுத்தமாக வைத்திருப்பவர் அதிகாரியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

கமர்ஷியல் சிலிண்டர் விலை கட்டுப்படியாகவில்லை. அவசரத்துக்கு வீட்டு சிலிண்டரை மாட்டலாமா?
— டிபன் கடைக்காரர், இண்டூர்

கூடாது. அவசரத்துக்கும் கூடாது.

எங்கள் ரோட்டில் ஒருவர் தோசையை ரொம்பக் குறைத்து விற்கிறார். எல்லாரும் ஒரே விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று சங்கம் தீர்மானம் போட முடியாதா?
— ஓட்டல் உரிமையாளர், அதியமான்கோட்டை

போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரே தொழில் செய்பவர்கள் கூடி விலை நிர்ணயிப்பது 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. மருந்துக் கடைச் சங்கங்கள், திரைத்துறைச் சங்கங்கள் எனப் பலர் இந்தச் சட்டத்தில் சிக்கி அபராதம் கட்டியிருக்கிறார்கள். சில வழக்குகளில் பொறுப்பாளர்கள் தனிப்பட்ட முறையிலும் கட்ட நேர்ந்தது. விலைப்பட்டியலை அச்சடித்துக் கடை கடையாகக் கொடுப்பது உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே அச்சடிப்பது.

சங்கம் செய்யக்கூடியது, அடக்க விலை போடக் கற்றுக்கொடுப்பது. பக்கத்துக் கடைக்காரர் மாவு, எண்ணெய், காஸ், மாஸ்டர் சம்பளம், வாடகை எல்லாம் எழுதிக் கணக்குப் பார்த்தால், அந்த விலையில் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

ஒரு முறை பஜ்ஜி, பூரி போட்ட எண்ணெயைக் கொட்ட மனசு வரவில்லை. வாங்கிப் போகவும் ஆள் வருவதில்லை.
— டீக்கடைக்காரர், நல்லம்பள்ளி

மனசு வராதது நியாயம்தான், எண்ணெய் விற்கும் விலை அப்படி. ஆனால் கறுத்து, பிசுபிசுத்து, அடுப்பில் வைத்ததும் நுரை கட்டிப் பொங்கும் எண்ணெயில் அடுத்த ஈடு போடாதீர்கள். எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளக்கும் அளவு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் விதி. பழைய எண்ணெயில் புது எண்ணெயை ஊற்றிக் கலப்பதும் தவறு.

பயன்படுத்திய எண்ணெயை பயோடீசல் தயாரிக்க வாங்கிக்கொள்ள அனுமதி பெற்ற நிறுவனங்கள் உண்டு. உங்கள் ஒரு கடையின் ஐந்து லிட்டருக்காக அவர்கள் வண்டி அனுப்ப மாட்டார்கள். நல்லம்பள்ளியிலிருந்து தொப்பூர் வரை உள்ள கடைகள் எல்லாம் கேனில் ஊற்றி ஒரே நாளில் கொடுத்தால் அனுப்புவார்கள். அந்த நாளைக் குறிக்கத்தான் சங்கம் வேண்டும்.

ஆன்லைன் ஆப்பில் ஆர்டர் வருகிறது, கையில் காசு நிற்பதில்லை. நாமக்கல் மாதிரி நாங்களும் நிறுத்திவிடலாமா?
— ஓட்டல் உரிமையாளர், தர்மபுரி

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். முதலில் கணக்கு. 100 ரூபாய்க்கு ஒரு பார்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கமிஷன் 25 சதவீதம் என்றால் 25 ரூபாய். அந்தக் கமிஷன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 4 ரூபாய் 50 காசு. 5 சதவீத வரியில் இருக்கும் ஓட்டல் இதைத் திரும்பப் பெற முடியாது. ஆக 29.50 போயிற்று. மீதி 70.50. டப்பாவுக்கும் பைக்கும் ஒரு தொகை, ஆப்பில் உங்கள் பெயர் மேலே வர விளம்பரக் கட்டணம், தள்ளுபடியில் உங்கள் பங்கு. எல்லாம் கழித்துவிட்டு, மிஞ்சுவதில் அரிசியும் பருப்பும் வாங்கிச் சம்பளம் போடுங்கள், பார்க்கலாம். இந்தக் கணக்கைப் போடாமலேயே, ஆர்டர் குவிகிறது என்று சந்தோஷப்பட்டு, கடைசியில் கடையை மூடியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தைப் படிக்காமல் போனில் ‘சம்மதம்’ என்று தட்டிவிடுகிறீர்களே, அங்கேதான் முதல் தப்பு.

நாமக்கல்லில் ஓட்டல் உரிமையாளர்கள் கூடிப் பேசி, 2025 ஜூலை 1 முதல் ஸ்விக்கி, சொமேட்டோ வழியாக விற்பதில்லை என்று அறிவித்தார்கள். ஒரு சின்ன நகரத்து ஓட்டல்காரர்கள் பெரிய நிறுவனங்களிடம் ‘கணக்கைக் காட்டு’ என்று நிமிர்ந்து கேட்டது எனக்குப் பெருமை. அதற்கு முன்பே தேசிய உணவகங்கள் சங்கம் 2021-இல் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்து, 2022 ஏப்ரலில் இந்த இரு நிறுவனங்கள் மேல் விசாரணைக்கு உத்தரவு வாங்கியது. ஒப்பந்தத்தையும் கமிஷன் கணக்கையும் ஆவணமாக எடுத்துக்கொண்டு ஒரு சங்கம் போனதால் நடந்தது அது.

அவசரப்படாதீர்கள். விலைக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்: ‘யாரும் விற்கக் கூடாது’ என்று சங்கம் உத்தரவு போட்டால் அதே சட்டம் உங்கள் பக்கம் திரும்பலாம். கணக்கைச் சேகரியுங்கள், நிறுவனத்தோடு பேசுங்கள், தேவைப்பட்டால் புகார் கொடுங்கள். இருப்பதா, விலகுவதா என்பதை ஒவ்வொருவரும் தன் கல்லாவைப் பார்த்து முடிவு செய்யட்டும். விலகினால் பார்சலுக்குச் சொந்தமாக ஒரு பையனை வையுங்கள். பையன் என்றால் பதினெட்டு வயது தாண்டியவர்.

பஸ் நிற்கும் ஹைவே ஓட்டலில் தண்ணீர் பாட்டிலை எம்ஆர்பிக்கு மேல் விற்கிறார்கள். சங்கம் கண்டுகொள்ளாதா?
— பயணி, சேலம்

மேசையில் உட்காரவைத்துப் பரிமாறும்போது அந்த விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கு நடத்தியதும் ஓட்டல்களின் கூட்டமைப்புதான். ஆனால் கவுன்ட்டரில் பாட்டிலை எடுத்து நீட்டும் கடைக்கு அந்தத் தீர்ப்பு கேடயம் அல்ல. பில் கேளுங்கள், தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் கொடுங்கள். பத்து நிமிடம் நிற்கும் பஸ்ஸில், வேறு கடைக்குப் போக வழியில்லாத பயணியிடம் இப்படி வசூலிப்பது எங்கள் தொழிலுக்கே அவமானம். அப்படி வசூலிப்பவருக்காகப் பரிந்து பேசும் சங்கத்தில் நான் இருக்க மாட்டேன்.

இணக்க வரி முறையில் இருக்கிறேன். பில்லில் 5 சதவீதம் தனியாகப் போடலாமா?
— மெஸ் உரிமையாளர், பாலக்கோடு

கூடாது. அந்த வரி உங்கள் கையிலிருந்து கட்டுவது.

நல்லம்பள்ளிக்கென்று தனியாகச் சங்கம் தொடங்க நினைக்கிறோம். எப்படி ஆரம்பிப்பது?
— நான்கு கடைக்காரர்கள், நல்லம்பள்ளி

இன்னும் மூன்று பேரைச் சேருங்கள். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆண்டுக்கொரு பொதுக்குழுவும், பதிவாளரிடம் கணக்குத் தாக்கலும் தவறக் கூடாது. பெரும்பாலான சங்கங்கள் சாவது இந்த இடத்தில்தான்: திறப்பு விழாவுக்கு ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள், மூன்றாம் ஆண்டுக் கணக்கை எழுத ஆள் இல்லை.

முதல் கூட்டத்தில் மாலை, சால்வை வேண்டாம். யார் யாருடைய உணவு உரிமம் எப்போது முடிகிறது, யார் தண்ணீரைப் பரிசோதித்தார்கள், எந்தத் தொழிலாளிக்கு மருத்துவச் சான்று இல்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். டீக்கடைக்காரரையும் தள்ளுவண்டிக்காரரையும் கூப்பிடுங்கள். ஐந்து மேசை வைத்திருப்பவருக்கும் ஐம்பது மேசைக்காரருக்கும் ஒரே ஓட்டு என்று துணைவிதியில் எழுதுங்கள். அதை எழுத யாராவது தயங்கினால், அவரைத் தலைவராக்காதீர்கள்.