குறையைச் சொல்லி விற்போம்

 

ரமளான் நெருங்கும்போது வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்வது நம் குடும்பங்களில் வழக்கம். பரணைத் திறந்தால் என்னென்னவோ வரும். சபரிலிருந்து கொண்டுவந்து இன்னும் பிரிக்காத டின்னர் செட், பிள்ளை வளர்ந்தபின் ஓரமாக நிற்கும் மூன்று சக்கர சைக்கிள், புதிது வாங்கியதும் ஒதுக்கப்பட்ட மிக்ஸி, கண்ணாடி கீறிய செல்போன். "என்றைக்காவது உதவும்" என்று சொல்லி அத்தனையையும் மறுபடி ஏற்றி வைத்துவிடுகிறோம். அதே பொருள் இல்லாமல் சிரமப்படும் ஒரு குடும்பம் அடுத்த தெருவிலேயே இருக்கலாம்.

முன்பெல்லாம் பழைய சாமான்காரர் வந்தால் எடைக்குப் போடுவோம். இப்போது ஓ.எல்.எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், மஹல்லா வாட்ஸ்அப் குழு என்று வீட்டிலிருந்தே நியாயமான விலைக்கு விற்க வழி இருக்கிறது. நல்ல வழிதான். ஆனால் ஒரு படமும் நான்கு வரியும் போட்டால் அதுவும் ஒரு வியாபாரமே. வியாபாரத்துக்கு மார்க்கம் விதித்த ஒழுக்கம் பழைய மிக்ஸிக்கும் உண்டு. அதைத்தான் இந்த இதழில் பாடமாகப் பார்க்கிறோம்.

1. முதலில் பிரிப்போம்

வெளியே எடுத்த பொருட்களை நான்காகப் பிரிப்போம்: வைத்துக்கொள்வது, கொடுப்பது, விற்பது, அப்புறப்படுத்துவது.

இதில் நாம் அதிகம் தவறுவது 'கொடுப்பது' என்ற பிரிவில்தான். யாரும் வாங்கமாட்டார்கள் என்று தெரிந்ததை ஸதகா என்ற பெயரில் தள்ளிவிடுகிறோம். கிழிந்த துணி, கைப்பிடி உடைந்த குக்கர், ஒரு பக்கம் மட்டும் எரியும் அடுப்பு. நமக்கே ஒருவர் கொடுத்தால் முகம் சுளித்து வாங்கக்கூடிய மட்டமானதைத் தர்மத்துக்கென்று தேடாதீர்கள் என அல்லாஹ் எச்சரிக்கிறான் (2:267). ஆகவே நல்ல நிலையில் உள்ளதிலிருந்து முதலில் கொடுப்பதற்கு எடுத்துவைப்போம். மீதியை விற்போம்.

விற்கவே கூடாதவையும் சில உண்டு. மீந்துபோன மருந்து மாத்திரைகளை உரிமம் இல்லாமல் விற்பது சட்டப்படி குற்றம். சமையல் எரிவாயு சிலிண்டர் நம் வீட்டில் இருந்தாலும் அது நிறுவனத்தின் சொத்து. உப்பிப்போன பேட்டரி உள்ள போனும் பவர் பேங்கும் தீப்பிடிக்கக்கூடியவை. அவற்றை விற்கவும் வேண்டாம், குப்பைத் தொட்டியில் போடவும் வேண்டாம். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைப்போம்.

2. இது யாருடைய பொருள்?

விலை போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. நம் வீட்டில் இருப்பதெல்லாம் நம்முடையது அல்ல.

மருமகள் கொண்டுவந்த பீரோவும் பித்தளைப் பாத்திரங்களும் மருமகளுடையவை. அவருடைய முழுச் சம்மதம் இல்லாமல் மாமியாரோ கணவரோ விற்க உரிமை இல்லை. "இடத்தை அடைக்கிறது" என்பது அனுமதி ஆகாது.

மவுத்தான தகப்பனாரின் தையல் மிஷினும் வண்டியும் கைக்கடிகாரமும் வாரிசுச் சொத்து. கடனும் வஸிய்யத்தும் போக மீதியில் மனைவி, மகன், மகள் என ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. மணமாகி வெளியூரில் இருக்கும் மகளையும் கேட்டுத்தான் விற்க வேண்டும். வாரிசுகளில் சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அநாதைகளின் சொத்தை அநியாயமாக உண்பதைப் பற்றிக் குர்ஆனின் எச்சரிக்கை கடுமையானது (4:10).

பள்ளிக்கோ மதரஸாவுக்கோ வக்ஃபு செய்யப்பட்ட கிதாபோ பாத்திரமோ நம் வீட்டில் தங்கியிருந்தால் அதை உரிய இடத்தில் சேர்ப்போம்.

3. ஈரத்தை மேலே வைப்போம்

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். இது முஸ்லிமில் பதிவான ஹதீஸ்.

இணையத்தில் வாங்குபவரால் கையை உள்ளே விட முடியாது. நாம் எந்தப் பக்கத்தைப் படம் எடுத்தோமோ அந்தப் பக்கத்தை மட்டுமே அவர் பார்க்கிறார். துருப்பிடித்த பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவைத்து முன்பக்கத்தை மட்டும் எடுத்தால், அது நனைந்த தானியத்தைக் கீழே வைத்ததற்குச் சமம். ஆகவே கீறல், துரு, கறை இருக்கும் இடத்தைத் தனியாக ஒரு படம் எடுத்துப் போடுவோம். படத்தில் தெரியாத குறையை எழுத்தில் சொல்வோம். இப்படி எழுதலாம்:

"வாஷிங் மெஷின், வாங்கி ஐந்து வருடம். துவைப்பதும் பிழிவதும் நன்றாக இருக்கிறது. தண்ணீர் வெளியேறும் குழாயில் கசிவு உண்டு. ஒரு முறை மோட்டார் மாற்றியிருக்கிறோம். பில் இல்லை."

இப்படி எழுதினால் விலை சற்றுக் குறையும். அந்தக் குறைந்த விலைதான் அந்தப் பொருளின் உண்மையான விலை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதைத் தெளிவாக்கினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் நபிமொழி. "பார்த்துத்தானே வாங்கினார்" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. மறைத்த குறை பின்னால் தெரிந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது ஃபிக்ஹ் சட்டம். வாங்க வருபவர் எந்தச் சமயத்தவரானாலும் இந்த நேர்மை ஒன்றுதான்.

வாஸிலா இப்னு அல்அஸ்கஃ (ரலி) அவர்கள், ஒட்டகம் வாங்கிச் சென்ற ஒருவரைப் பின்தொடர்ந்து போய், "இறைச்சிக்காகவா, பயணத்துக்காகவா?" என்று விசாரித்தார்கள். பயணத்துக்கு என்றதும், அதன் குளம்பில் ஓட்டை இருப்பதைச் சொன்னார்கள். நாமும் "எதற்காக வாங்குகிறீர்கள்?" என்று கேட்போம். பாட்டுக் கேட்கப் போதுமான பழைய மடிக்கணினி, கல்லூரிப் பிள்ளையின் படிப்புக்குப் போதாமல் இருக்கலாம். அதைச் சொல்லிவிடுவது நம் கடமை.

4. கொடுத்த வாக்கு

ஒரு சகோதரரிடம் 2,000 ரூபாய்க்குப் பேசி முடித்துவிட்டோம். நாளை வருகிறேன் என்கிறார். இரவில் இன்னொருவர் 2,300 தருவதாகச் செய்தி அனுப்புகிறார். பேசி முடிந்த வியாபாரத்தின் மேல் இன்னொரு வியாபாரம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். முதலாமவர் குறித்த நேரத்துக்குள் வராவிட்டால், அவரிடம் சொல்லிவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்போம்.

பேரம் பேசுபவரிடம் எரிந்து விழ வேண்டாம். விற்கும்போதும் வாங்கும்போதும் பெருந்தன்மையாக நடப்பவருக்கு அல்லாஹ்வின் அருளை வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆ செய்திருக்கிறார்கள். விலை பேசவோ பொருளைக் கைமாற்றவோ பள்ளிவாசலின் உள்ளே இடம் தேடவும் வேண்டாம். ஜும்ஆ பாங்கு சொன்னபின் வாங்குபவரின் செய்திக்குப் பதில் எழுதுவதும் வியாபாரமே. தொழுகை முடியட்டும்.

5. ஏமாறாமல் இருப்போம்

நாம் ஏமாற்றக் கூடாது, ஏமாறவும் கூடாது. விற்பவர்களைக் குறிவைத்து ஒரு மோசடி பரவலாக நடக்கிறது. பொருளைப் பார்க்காமலே, பேரமும் பேசாமலே ஒருவர் சம்மதிப்பார். தன்னை இராணுவ வீரர் என்று சொல்லி அடையாள அட்டைப் படமும் அனுப்புவார். பிறகு ஒரு க்யூஆர் கோடு வரும். "ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்பார். போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போய்விடும்.

வீட்டில் எல்லோரும், குறிப்பாகப் பெரியவர்கள், மனதில் பதிக்க வேண்டியது இதுதான்: ஜிபே, போன்பே போன்ற யுபிஐ வழியில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் கேட்டாலே பணம் வெளியே போகிறது என்று பொருள். 'பணம் அனுப்பிவிட்டேன்' என்று வரும் படத்தையும் குறுஞ்செய்தியையும் நம்பாமல், நம் வங்கிக் கணக்கில் வந்ததா என்று பார்த்த பிறகே பொருளைக் கொடுப்போம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை மீட்க வாய்ப்பு உண்டு.

பெண்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் வாங்குபவரை வீட்டுக்கு வரச்சொல்ல வேண்டாம். படம் எடுக்கும்போது பின்னால் குடும்பப் புகைப்படமோ கதவு எண்ணோ தெரியாமல் பார்த்துக்கொள்வோம்.

6. போனும் வண்டியும்

பழைய போனில் நம் வீட்டுப் பெண்களின் படங்களும் வங்கி விவரங்களும் இருக்கின்றன. அவை நம் பொறுப்பிலுள்ள அமானிதம். தேவையானவற்றை வேறிடத்தில் சேமித்து, கூகுள் கணக்கை நீக்கி, 'ஃபேக்டரி ரீசெட்' செய்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்த பிறகே கொடுப்போம். திரை வேலை செய்யாததால் அழிக்க முடியாத போனை விற்காமல் இருப்பதே நல்லது.

வண்டியை விற்றால் பெயர் மாற்றம் முடியும்வரை நம் பொறுப்பு தீராது. படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திட்டு, நம் மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விற்றுவிட்டாலும் பதிவில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

7. விற்ற பணம்

பயன்படுத்தும் வீட்டுச் சாமான்களுக்கு ஜகாத் இல்லை. ஆனால் விற்றுக் கையில் வந்த தொகை மற்ற ரொக்கத்தோடு சேர்ந்துவிடும். ஜகாத் கணக்குப் பார்க்கும் நாளில் அது மீதமிருந்தால் அதையும் சேர்த்துக் கணக்கிடுவோம். கடன் இருந்தால் முதலில் கடனை அடைப்போம். இன்னொரு தேவையற்ற பொருளை வாங்கிப் பரணை நிரப்புவதற்கு அந்தப் பணம் போய்விடக் கூடாது.

குடும்பத்தோடு பேசுவோம்

• ஒரு வருடமாக நாம் தொடாத பொருட்கள் எவை?
• அவற்றில் யாருடைய அனுமதி தேவைப்படும் பொருள் எது?
• விற்கப் போகும் பொருளில் நாம் சொல்லத் தயங்கும் குறை என்ன?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலையே விளம்பரத்தின் முதல் வரியாக எழுதுவோம்.

நம் வீடுகளில் தேவைக்கு மேல் தேங்காமலும், நம் வருமானத்தில் ஹராம் கலக்காமலும் அல்லாஹ் காப்பானாக! நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.