சுவரில் மாட்டியிருப்பது ஓவியமா, அச்சுப் படமா?

கேள்வி: திருவனந்தபுரத்தில் எங்கள் பழைய வீட்டில், பெரிய இடத்துத் தாயும் குழந்தையும் இருக்கும் படம் ஒன்று உண்டு. ரவிவர்மா கையால் வரைந்தது என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது? கறையைத் துடைக்கலாமா?

பதில்: ஈரத்துணி படத்தின் பக்கமே போக வேண்டாம். முதலில், நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸால் குழந்தையின் கன்னத்தைப் பாருங்கள். தூரிகைத் தடமும் சாயத்தின் தடிப்பும் தெரிந்தால் ஓவியமாக இருக்கலாம். ஒழுங்கில்லாத வண்ணப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால் அது ஒலியோகிராஃப். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் வைத்து அச்சிட்டது. புள்ளிகள் வரிசை பிசகாமல் இருந்தால் பிற்கால ஆஃப்செட் அச்சு. பளபளப்பை மட்டும் நம்பாதீர்கள். ஒலியோகிராஃப்களுக்கும் வார்னிஷ் பூசினார்கள்.

கறுப்பு வெள்ளையாக, வெல்வெட் போன்ற கறுப்போடு இருந்தால் மெஸ்ஸோடின்ட் என்ற செப்புத் தகட்டு அச்சா என்று பாருங்கள். செப்புத் தகடு முழுவதையும் பல் வைத்த கருவியால் சொரசொரப்பாக்கி, வெளிச்சம் வேண்டிய இடங்களைச் சுரண்டி வழவழப்பாக்குவார்கள். ஆங்கில ஓவியர் ரெனால்ட்ஸ் வரைந்த பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளின் படங்கள் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இப்படித்தான் பரவின. தகடு சீக்கிரம் தேய்ந்துவிடும். முதலில் எடுத்த பிரதிகளுக்கே மதிப்பு அதிகம்.

ஆனால் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா தன் படங்களைப் பரப்பத் தேர்ந்தெடுத்தது வண்ணக் கல்லச்சு, அதாவது ஒலியோகிராஃப். 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அது பின்னர் லோனாவ்லா அருகே மளவ்லிக்கு மாறியது. மகள் மகாபிரபாவையும் பேரக் குழந்தையையும் வைத்து 1893இல் அவர் வரைந்த ‘அதோ வருகிறார் அப்பா’ உங்கள் படத்துக்கு நெருங்கிய உறவாக இருக்கலாம். ஒப்பிட்டுப் பாருங்கள்.

சட்டத்துக்குள் அடங்கவில்லையென்று ஓரத்தை வெட்டும் வழக்கம்தான் எனக்குப் பெரிய வேதனை. அச்சகத்தின் பெயரும் படத்தின் தலைப்பும் பெரும்பாலும் கீழ் ஓரத்தில்தான் இருக்கும். மெஸ்ஸோடின்ட்டில் பொதுவாக இடப்பக்கம் ஓவியர் பெயர், வலப்பக்கம் தகட்டில் செதுக்கியவர் பெயர். ஓரம் போனால் சாட்சியே போயிற்று.

இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இரண்டு மழைக்காலம் காணும் ஊர் இது. பூஞ்சையும் வெள்ளிப்பூச்சியும் காத்திருக்கும். கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி அமிலமில்லாத அட்டை வைத்து மாட்டுங்கள். பின்பக்கப் பழைய பலகையை எடுத்துவிடுங்கள். மழை நனைக்கும் வெளிச்சுவரும் வெயில் விழும் இடமும் ஆகாது. லாமினேஷன் கூடவே கூடாது. அதைப் பிரிக்க முடியாது. கறையைக் காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

விற்பதானாலும் சட்டம் மாற்றுவதானாலும், அதற்கு முன் மியூசியம் வளாகத்தில் உள்ள ராஜா ரவிவர்மா ஆர்ட் காலரிக்குப் போய், ரவிவர்மாவின் அசல் கேன்வாஸ்களைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சட்டம் போடுபவரிடம் ‘ஓரத்தை வெட்டக் கூடாது’ என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.